பாதிவழி அண்ணாச்சி

எங்க ஜங்ஷன்லருந்து களக்காட்டுக்குக் கார்ல போக ஒரு மணி நேரம். வழியில எருமை மறிச்சா ஒண்ணே கால். அந்த ஒரு மணி நேரத்துப் பாதையில ஒரு மனுசரை அஞ்சு வருசமா ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன். ஒரு தடவ கூட கொண்டு சேக்கல. இதைச் சொன்னா ஸ்டாண்டுல எல்லாவனும் சிரிக்கான். ஏலே, நீ ஓட்டுதது காரா கோயில் தேரான்னு கேக்கான். தேராவது ஒருநாள் நிலைக்கு வந்து சேரும்வே.

நான் அவருக்கு வச்ச பேரு பாதிவழி அண்ணாச்சி. மொகத்துக்கு நேராவே அப்படித்தான் கூப்பிடுவேன். கோவிச்சுக்கிட மாட்டாரு. முழுவழி யாருக்குக் கிடைச்சுது மோனேன்னு, மலையாளத்தையும் தமிழையும் ஒண்ணாக் குழைச்சுச் சிரிப்பாரு. கொச்சியில பொறந்த யூதரு. ஆறு வயசுல அப்பா அம்மாவோட ரயிலேறி, பெறவு இஸ்ரேல் போயி, அங்கன வீடு வீடா கரண்டு வேலை பாத்து ஓய்ஞ்சவரு. யூதருன்னா எனக்கு அதுவரைக்கும் பள்ளிக்கூட நாடகத்துல பஞ்சுத்தாடி ஒட்டிக்கிட்டு வாரவங்கதான். நானே ஒரு வருசம் ஒட்டியிருக்கேன். நான் படிச்ச படிப்புல ஒழுங்கா செஞ்ச ஒரே காரியம் அது. இவருக்கு தாடியே கிடையாது. அரைக்கை சட்டை, உச்சந்தலையில உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தொப்பி, கால்ல நம்ம ஊரு ரப்பர் செருப்பு.

களக்காட்டுல அவரு அக்கா வீடு. பன்னெண்டு வயசு மூத்த அக்கா. வருசா வருசம் மாசி மாசம் அவங்களைப் பாக்கத்தான் வருவாரு. விலாசம் எழுதுன ஒரு தாளை சட்டைப்பையிலருந்து எடுத்துக் காட்டுவாரு. மடிச்சு மடிச்சு அந்தத் தாளு நாலு துண்டா தொங்கும்.

மொத வருசம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மூணு மணிக்குக் கிளம்புனோம். வண்டில ஏறுததுக்கு முன்னால நின்னு, ‘ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, மூணு இல்ல’ன்னு முணுமுணுத்தாரு. என்ன அண்ணாச்சி, இல்லாததை எல்லாம் எண்ணுதீயன்னேன். அவங்க வழக்கத்துல ஆளை எண்ணக்கூடாதாம். எண்ணுனா கண்ணு பட்டுருமாம். அதனால இல்ல இல்லன்னு சொல்லிக்கிட்டே எண்ணணும். சரி, நீங்க ஒண்ணு இல்ல, நான் ரெண்டு இல்ல, அந்த மூணாவது இல்ல யாருன்னு கேட்டேன். அவரு பின்சீட்டுல வலது பக்கம் உக்காந்துக்கிட்டு, காலியாக் கிடந்த இடது பக்கத்துக்கு பெல்ட்டை இழுத்து மாட்டுனாரு.

‘வழியில ஏறுவா’ன்னாரு.

முதுகு லேசா கூசிச்சு. ஆனா நான் வாயை மூடிக்கிட்டு இருக்க ஆளு இல்ல. ஏறுதவங்களுக்கு ஜன்னல் தொறந்து வைக்கணுமா, ஏசி போடணுமான்னு கேட்டு வச்சேன். தொறந்து வையின்னாரு, ரொம்ப சாதாரணமா.

மேலப்பாளையம் நுழைஞ்சதும் நிறுத்தச் சொன்னாரு. ஒரு வீட்டு வாசல்ல பொம்பளைக பீடி சுத்திக்கிட்டு இருந்தாவ. இலையை எப்படி வெட்டுதாவ, நூலை எத்தனை சுத்து சுத்துதாவன்னு குத்தவச்சுப் பாத்தாரு. எங்கனயோ தறிச்சத்தம் கேட்டு அதைத் தேடிக்கிட்டு நாலு சந்து போனாரு. திரும்பி வரும்போது வெயில் மஞ்சளாயிருச்சு. ‘இன்னிக்கி இவ்வளவுதான்’னு சொல்லி பையை இறக்கிட்டாரு. வெள்ளிக்கிழமை சூரியன் விழுந்தா அவங்களுக்கு ஓய்வுநாள் ஆரம்பம். சனிக்கிழமை சாயங்காலம் வானத்துல மூணு நட்சத்திரம் தெரியுத வரைக்கும் வண்டில ஏறக்கூடாது, தீ பத்த வைக்கக்கூடாது, எழுதக்கூடாது, போனைத் தொடக்கூடாது. எங்க இருக்கோமோ அங்கனயே கிடக்கணும். கிளம்பி அஞ்சாறு கிலோமீட்டர் ஆகியிருக்கும்.

ஒரு பாய் அவரு வீட்டு மாடியில இடம் கொடுத்தாரு. பிரியாணி கொண்டுவந்து வச்சாரு. அண்ணாச்சி வாழைப்பழமும் அவிச்ச முட்டையும் போதும்னுட்டாரு. பாய் என்னைத் தனியா கூப்பிட்டு, நாங்கதான் கெடுபிடின்னு ஊரு சொல்லும், இவரு எங்களுக்கு மேல இருக்காரே தம்பின்னாரு. சூரியன் விழுததுக்குக் கொஞ்சம் முன்னாடி ரெண்டு மெழுகுவத்தி பொருத்துனாரு அண்ணாச்சி. பொருத்திட்டு ரெண்டு கையாலயும் கண்ணைப் பொத்திக்கிட்டு நின்னாரு. ரொம்ப நேரம் நின்னாரு. இது வீட்டுப் பொம்பளைக செய்யுத வேலையாம். பொஞ்சாதி போன பெறவு தானே செய்யுதாராம்.

சனிக்கிழமை மூணு நட்சத்திரம் தெரிஞ்சதும் கீழ இறங்கி, ரோட்டோரம் ஒரு கூழாங்கல்லை வச்சாரு. ஒரு நோட்டை எடுத்து வலது பக்கத்துலருந்து இடது பக்கமா ரெண்டு வரி எழுதுனாரு. ஞாயித்துக்கிழமை பிளேனு. அக்காவைப் பாக்கலையா அண்ணாச்சின்னேன். ‘அடுத்த வருசம்.’

வியாழக்கிழமை கிளம்பியிருந்தா போயிருக்கலாமேன்னு பச்சப்பிள்ளை கூடச் சொல்லிரும். நானும் ரெண்டாவது வருசம் சொன்னேன். அந்தத் தடவையும் வெள்ளிக்கிழமை, அதே மூணு மணி, அதே ஒண்ணு இல்ல ரெண்டு இல்ல மூணு இல்ல. முன்னீர்பள்ளத்துல ஒரு டீக்கடையில நிறுத்தி, மூணு டீ சொன்னாரு. ரெண்டு பேரு குடிச்சோம். மூணாவது கிளாசை வண்டிக்குள்ள, பெல்ட் போட்ட சீட்டுக்கு முன்னால பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. ஆறுன டீயை என்ன செய்யப் போறீயன்னு கேக்க நான் திரும்புனேன். கிளாசு காலி. நீங்கதான குடிச்சீயன்னேன். நீ குடிக்கலையான்னு என்னைக் கேக்காரு.

அன்னிக்கி அங்கனதான் தங்கல். டீக்கடைக்காரரு, அவரும் என்னைப் போல வாய்க்காரரு, கடைக்குப் பின்னால ஒரு ரூமைத் தொறந்து விட்டாரு. அங்கன வச்சுத்தான் கேட்டேன். ஒரு மணி நேரத்துப் பாதையை இப்படி இழுக்கது என்ன வியாதி அண்ணாச்சி?

அவரு சொன்னதை நான் புரிஞ்சுக்கிட்ட மட்டும் சொல்லுதேன். அவங்க ஆளுக ஒரு காலத்துல நாப்பது வருசம் வனாந்தரத்துல நடந்தவங்களாம். எங்கருந்து கிளம்புனாங்க, எங்க கூடாரம் போட்டாங்கன்னு அவங்க வேதச்சுருள்ல ஒவ்வொரு இடமா எழுதி வச்சிருக்காம். அத்தனை வருசம் கூட்டிக்கிட்டு வந்த தலைவரு கடைசில ஒரு மலை மேல நின்னு ஊரைப் பாக்காரு. இறங்கல. அங்கனயே கண்ணை மூடிருதாரு. சுருளும் அதோட முடிஞ்சுருது. ஊருக்குள்ள நுழைஞ்ச கதை அதுல கிடையாது. வருசம் பூரா அதை வாசிச்சு, முடியுத அன்னிக்கே, அதே கையோட, முதல்லருந்து மறுபடி வாசிக்கத் தொடங்கிருவாங்களாம். அதுக்குப் பாட்டு, ஆட்டம் எல்லாம் உண்டாம்.

கிளைமாக்ஸ் ரீலு இல்லாத படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுத தியேட்டரு மாதிரின்னு நான் சொன்னேன். அவரு சிரிச்சு இருமுனாரு. பெறவு சிரிப்பு நின்னு, ‘ரீலு இருந்தா, பாத்த பெறவு வெளிய போயிரணும்லா மோனே’ன்னாரு.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். யாராவது சீரியஸா இருந்தா கொஞ்சம் கிள்ளிப் பாக்கணும். மூணாவது வருசம் அவரு வந்ததும் ஒரு பொய்யைச் சொன்னேன். களக்காட்டுக்கு ஒரு சவாரி போனேன் அண்ணாச்சி, அப்படியே உங்க அக்காவைப் பாத்தேன், வாசல்ல சேர் போட்டு உக்காந்திருந்தாவ, தம்பி எப்பம் வாரான்னு கேட்டாவன்னு அளந்து விட்டேன். அவரு மொகம் அப்படியே நின்னு போச்சு. என்ன சொன்னா, வேற என்ன சொன்னான்னு கேட்டாரு. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

‘பைய வரச் சொன்னாவ. காலைப் பாத்து வைக்கச் சொன்னாவ.’

வண்டியை நிறுத்தச் சொன்னாரு. பத்தமடைக்கு இன்னும் ரெண்டு கிலோமீட்டர் இருக்கு. இறங்கி வாய்க்கால் கரையில நின்னாரு. நான் பக்கத்துல போனதும், என்னைப் பாக்காம, தண்ணியைப் பாத்துக்கிட்டே சொன்னாரு.

அவரு அஞ்சு வயசா இருக்கும்போது அக்கா வீட்டை விட்டுப் போயிருக்காவ. கொச்சிக்கு வாழைத்தார் ஏத்திக்கிட்டு வந்த களக்காட்டு வியாபாரி ஒருத்தரோட. வேத்து சாதியில, வேத்து வேதத்துல போன பிள்ளைக்கு அந்தக் காலத்துல அவங்கள்ல சில வீட்டுல ஒரு வழக்கம். செத்துட்டதா வச்சு துக்கம் இருந்துருவாங்க. அப்பா சட்டையைக் கிழிச்சுக்கிட்டாரு. கண்ணாடியை எல்லாம் துணி போட்டு மூடுனாங்க. ஏழு நாள் தரையில உக்காந்தாங்க. ஊரு வந்து துக்கம் கேட்டுட்டுப் போச்சு. அஞ்சு வயசுப் பயலையும் தரையில உக்கார வச்சாங்க. அவன் அக்கா செத்துட்டான்னே நம்பிட்டான். ஒரு வருசம் கழிச்சு எல்லாரும் ஊரை விட்டே கிளம்புன அன்னிக்கி, கொச்சி ஸ்டேஷன்ல, கூட்டத்துக்குள்ள முக்காடு போட்ட ஒரு பொம்பளை அவன் பக்கத்துல வந்து நின்னா. ரயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவுல இருக்க சந்தைக் காட்டி, ‘பைய, காலைப் பாத்து வை’ன்னா. அவன் அப்பா கையைப் பிடிச்சு இழுத்தான். அப்பா திரும்பாமலே சொன்னாராம், அங்க யாரும் இல்ல, ஏறுன்னு.

‘இதை நான் பொஞ்சாதிகிட்ட கூடச் சொன்னதில்ல’ன்னாரு.

பொய்தான் அண்ணாச்சின்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அவரு மொகத்தைப் பாத்தேன், முழுங்கிட்டேன். அந்தத் தடவை பத்தமடையில கோரைப்பாய் விக்குத ஒரு வீட்டுல தங்கல். அவருக்கு விரிச்ச பாய்க்குப் பக்கத்துல இன்னொரு பாயை அவரே விரிச்சாரு. காலையில நான் எந்திரிச்சுப் பாக்கும்போது ரெண்டு பாயும் சுருட்டி நிமிந்து நின்னுச்சு.

அவரு பிளேன் ஏறுன மறுநாளே நான் களக்காட்டுக்குப் போனேன். சவாரி இல்ல, சும்மா. அந்த விலாசம் எனக்கு மனப்பாடம். ஊருக்கு வெளிய ஒரு குளம், குளத்துக்கு அக்கரையில மஞ்சள் சுவரு வீடு. பூட்டிக் கிடந்துச்சு. சாவியை வச்சிருந்தது பக்கத்துத் தெருவுல ஒரு அக்கா, அந்த வியாபாரிக்குத் தங்கச்சி மக. மலையாளத்து அத்தையா, அவ்வொ போயி ஒன்பது வருசமாச்சேன்னாவ. பிள்ளை கிடையாது. மாமாவும் அதுக்கு முன்னாடியே போயாச்சு. சேரன்மகாதேவியில ஆத்துல சாம்பலைக் கரைச்சது. கல்லறையா? நம்மள்ல ஏது தம்பி அதெல்லாம்.

ஒன்பது வருசம். அண்ணாச்சி என் வண்டியில ஏற ஆரம்பிச்சு இது மூணாவது வருசம்தான்.

நான் கிளம்பும்போது அந்த சாவிக்கார அக்கா சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாவ. அத்தை நல்ல பக்தி. வெள்ளிக்கிழமை தவறாது, அந்தியில மாடத்துல விளக்கு வச்சிருவாவ. என்ன, எல்லாரும் ஒண்ணு வச்சா அவ்வொ ரெண்டு வைப்பாவ. வச்சிட்டு ரெண்டு கையாலயும் கண்ணைப் பொத்திக்கிடுவாவ. எங்களுக்கு விளையாட்டா இருக்கும்.

திரும்பி வரும்போது நான் பின்சீட்டைப் பாக்கவே இல்ல. கண்ணாடியை மேல திருப்பி வச்சிட்டு ஓட்டுனேன்.

நாலாவது வருசம் அவரு வந்து ஏறுனதும் கேட்ட மொதக் கேள்வி, அக்கா என்ன சொன்னா. இப்பம் நான் தெரிஞ்சே பொய் சொல்லணும். நல்லா இருக்காவ, உங்களையே நினைச்சுக்கிட்டு இருக்காவன்னேன். சேரன்மகாதேவியில நிறுத்தச் சொன்னாரு. ஆத்தங்கரைக்குப் போனாரு. செருப்பைக் கழட்டிட்டு முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டு, யாரோ பேசுததைக் கேக்க மாதிரி தலையைச் சாய்ச்சுக்கிட்டே இருந்தாரு. சாம்பலைக் கரைச்ச அதே துறை. அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதுன்னு நினைச்சேன்.

மறுநாள் நட்சத்திரம் வந்து, கல்லு வச்சு, நோட்டு எழுதுன பெறவு, வாசிச்சுக் காட்டுங்கன்னேன். மேலப்பாளையத்துலருந்து கிளம்பினோம், முன்னீர்பள்ளத்துல தங்கினோம். முன்னீர்பள்ளத்துலருந்து கிளம்பினோம், பத்தமடையில தங்கினோம். பத்தமடையிலருந்து கிளம்பினோம், சேரன்மகாதேவியில தங்கினோம். ஒவ்வொரு வரிக்கும் கீழ மூணு பேருன்னு எழுதியிருந்ததையும் வாசிச்சாரு. பரீட்சையில கணக்குல பெயிலானது நானா நீங்களா அண்ணாச்சின்னு கேட்டேன். என் குரலே எனக்கு நல்லாயில்ல. அவரு நோட்டை மூடிட்டு, கடைசி ரெண்டு தடவ அவ சீக்கிரமாவே ஏறிட்டான்னாரு.

அஞ்சாவது வருசம் ஆளு பாதியா வந்தாரு. டாக்டரு போகக்கூடாதுன்னு சொல்லியும் வந்திருக்காரு. சட்டை தொளதொளன்னு தொங்குது. வண்டில ஏறி, எண்ணி, பெல்ட் மாட்டிட்டு, ‘இன்னிக்கி வியாழக்கிழமை, நேரா போ’ன்னாரு.

அன்னிக்கி நான் ஓட்டுன மாதிரி எவனும் வண்டி ஓட்டியிருக்க மாட்டான். மேலப்பாளையத்துல பெட்ரோல் போட்டேன். முன்னீர்பள்ளத்துல டீ. பத்தமடையில இஞ்சின் சூடாயிருச்சுன்னு பானட்டைத் தூக்கி வச்சிட்டு நின்னேன். சேரன்மகாதேவியில டயரை எத்தி எத்திப் பாத்தேன். அஞ்சு வருசமா அவரைக் கேலி பண்ணுனவன், இப்பம் எனக்கு அந்த ஊரு வரக்கூடாது. கதவு பூட்டியிருக்கதை அவரு பாத்தாருன்னா, அக்காவும் போயிருவாவ, என் பொய்யும் போயிரும். அவருக்கு வேற என்ன மிஞ்சும்? அவரு என்னையே பாத்துக்கிட்டு வந்தாரு.

அந்தக் குளம் வந்துச்சு. அக்கரையில மஞ்சள் சுவரு. என் காலு ஆக்சிலேட்டருல அழுந்த மாட்டேங்குது. வண்டியை ஓரங்கட்டி, ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டே சொன்னேன். அண்ணாச்சி, நான் உங்க அக்காவைப் பாத்ததே இல்ல. அவ்வொ இல்ல.

‘தெரியும்’ன்னாரு.

நான் மொத தடவ வாரதுக்கு முன்னாடியே காயிதம் வந்துருச்சு மோனேன்னாரு. சாம்பலை ஆத்துல விட்டதும் அதுல இருந்துச்சாம். அவங்கள்ல செத்தவங்களைப் பாக்கப் போனா பூவுக்குப் பதிலா கல்லறையில கல்லுதான் வைப்பாங்களாம்; அக்காவுக்குக் கல்லு வைக்க ஒரு கல்லறை இல்ல. சரி, வழி நெடுக வச்சுக்கிட்டே வருவோம்னு வந்தாராம். பெறவு பேசும்போது குரலு சின்னப்பிள்ளை குரலு மாதிரி இருந்துச்சு.

‘உசிரோட இருக்கும்போதே அவளுக்கு ஏழு நாள் அழுது முடிச்சிட்டோம். செத்ததுக்கு அழ எங்கிட்ட அழுகை இல்ல. போய்ச் சேந்தா அழணும். அதான் சேரல.’

அப்பம் நான் சொன்ன அந்தப் பொய்யின்னு கேட்டேன். பைய, காலைப் பாத்து வைன்னு. அது எனக்கு எப்படித் தெரியும்? அவரு காலியா இருந்த இடது பக்கத்தைப் பாத்தாரு. உனக்குத் தெரியாதுன்னு எனக்கும் தெரியும்னாரு.

அதுக்குப் பெறவுதான் அந்த ரெண்டு விளக்கைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை அந்தியில, கண்ணைப் பொத்திக்கிட்டு, அம்பது வருசத்துக்கு மேல, அது எதுக்குன்னு அந்த வீட்டுக்குள்ள ஒருத்தருக்கும் தெரியாம. இது மட்டும் அவருக்குத் தெரியல. காயிதத்துல யாரு இதை எழுதுவா? காரை விட்டு இறங்கி மண்ணுல உக்காந்தாரு, தரையோட தரையா. நான் தண்ணி பாட்டிலை நீட்டுனேன். வாங்கல. ரொம்ப நேரம் கழிச்சு, நாளைக்கு வெள்ளிக்கிழமை, அதுவரைக்கும் இங்கனயே இருப்போம்னாரு.

இக்கரையில ஒரு பம்ப்செட் ரூமு. தோட்டக்காரரு சரின்னுட்டாரு. வெள்ளிக்கிழமை அந்தியில, வாசல்படியில ரெண்டு மெழுகுவத்தியைப் பொருத்திட்டு அண்ணாச்சி கண்ணைப் பொத்துனாரு. நான் சும்மா குளத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன். தண்ணி அசையல. அக்கரையில அந்த மஞ்சள் சுவத்துல, வாசலுக்குப் பக்கத்துல, சின்னதா ஒரு வெளிச்சம். பெறவு அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு. சாவி பக்கத்துத் தெருவுல இருக்கு. விளக்கு வைக்க அந்த வீட்டுல ஆளு கிடையாது.

அண்ணாச்சி கையை எடுக்காமலே, எத்தனைன்னு கேட்டாரு.

‘ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல’ன்னேன்.

தலையை ஆட்டிக்கிட்டாரு. கையை எடுக்கும்போது அக்கரை இருட்டிக் கிடந்துச்சு.

ஓய்வுநாள்ல அவங்க ரெண்டாயிரம் முழம் வரைக்கும் நடக்கலாம். அதுக்கு மேல ஒரு எட்டு வைக்கக்கூடாது. சனிக்கிழமை காலையில குளத்தங்கரை வழியா எண்ணிக்கிட்டே நடந்தாரு. நானும் கூடப் போனேன். ஒரு பனைமரத்துக்கிட்ட நின்னுட்டாரு. எதிர்ல வீடு. நாப்பது எட்டு இருக்கும். தூக்கிட்டுப் போகட்டா அண்ணாச்சின்னேன். அவரு சிரிச்சாரு, அந்தப் பழைய சிரிப்பு. அன்னிக்கி கல்லைத் தொடவும் அவருக்குக் கூடாது. அதனால நானே ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கிட்டுப் போயி, பூட்டுன கதவுக்கு முன்னால படியில வச்சேன். பக்கத்துல மாடம். வெயில் படாத மூலை. உள்ள ரெண்டு அகல். ஒண்ணைத் தொட்டுப் பாத்தேன். சூடா இருந்துச்சு.

திரும்பி நடந்து வந்தேன். அந்த நாப்பது எட்டையும் காலைப் பாத்துப் பாத்து வச்சேன். அண்ணாச்சி என் விரலை மட்டும் பாத்தாரு. நுனியில எண்ணெய் மினுங்கிக்கிட்டு இருந்துச்சு. பனைமரத்துல கையை ஊணி நின்னு அழுதாரு. சத்தமா, சின்னப்பிள்ளை கணக்கா. நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன்.

அடுத்த மாசி வந்துச்சு, அவரு வரல. அவரு மகதான் போன் பண்ணுனாவ. எனக்குத் தெரிஞ்ச பத்து இங்கிலீசு வார்த்தையை வச்சு விசயத்தைப் புரிஞ்சுக்கிட்டேன். வீட்டுல நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காவ. போற வழியில, கார்லயே. பாத்தீயளா, அங்கயும் போய்ச் சேரலன்னு தமிழ்ல சொன்னேன். அந்தப் பிள்ளைக்குப் புரியல. நல்லவேளை.

போன வெள்ளிக்கிழமை சேரன்மகாதேவியில ஒரு சவாரியை இறக்கிட்டு காலி வண்டியாத் திரும்புனேன். வழியில பின்சீட்டுல பெல்ட் மாட்டுத மாதிரி கிளிக்குன்னு ஒரு சத்தம். கொஞ்ச தூரத்துல இன்னொரு கிளிக். முன்னீர்பள்ளத்துல வண்டியை நிறுத்தி இறங்குனேன். டீக்கடைக்காரரு எட்டி என் வண்டியைப் பாத்தாரு. வழக்கமா ஏதாவது வாயடிப்பாரு. அன்னிக்கி குரலைத் தாழ்த்தி, ஏலே, எத்தனை போடன்னு கேட்டாரு.

நான் திரும்பிப் பாக்கல.

‘ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, மூணு இல்ல’ன்னேன்.

அவரு மூணு கிளாசை எடுத்து வெந்நியில அலசுனாரு.